தேயிலை செத்த சரிவில் மரவள்ளி

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள சரிவில் தேயிலைச் செடிகள் செத்துப் பல வருஷமாகிறது. மானாப்புல்தான் மண்டிக் கிடந்தது. நான் கெலிஓயாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன்; அடுத்த வீட்டு அக்கா கொழுந்தெடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் புல்லை வெட்டி, மண் கழுவிப் போகாமல் கல் அடுக்கி, மரவள்ளியும் வத்தாளைக் கிழங்கும் நட்டோம். மழை பொய்த்தபோதும் மரவள்ளி தாக்குப்பிடித்தது.

கிழங்கு இறங்கும் நேரத்தில் தோட்டத்து உத்தியோகத்தர் ஆட்களோடு வந்தார்.

"தோட்டத்துக் காணி. யாரைக் கேட்டு நட்டீங்க?"

"இதுல தேயிலை போடப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"அது எங்க விசயம்."

எல்லாவற்றையும் பிடுங்கி, பிஞ்சுக் கிழங்குகளை மண்வெட்டியால் அங்கேயே கொத்திப் போட்டார்கள். அக்கா அழுதார். சரிவில் மறுபடியும் புல் ஏறியது.

பிறகு பெருமழை. மலை சரிந்து கண்டிப் பாதை மூடியது. மரக்கறி லொறி வரவில்லை. கடைகளில் வெங்காயம்கூட இல்லை. பிள்ளைகள் வெறும் சோற்றை உப்புப் போட்டுச் சாப்பிட்டார்கள். சுற்றிலும் பச்சை, வாயில் வைக்க ஒரு கீரை இல்லை. கொத்திப்போட்ட கிழங்கை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

பாதை திறந்ததும் தோட்டத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மாறும் காலநிலைக்கு ஏற்ற வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச நகரத்திலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். முன் கதிரையில் உட்கார்ந்து அதே உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டிருந்தார். "வீட்டச் சுத்தியிருக்கிற நிலத்துல நடுங்க" என்று மிஸ் சொன்னதும் எழுந்துவிட்டேன்.

"எந்த நிலத்துல மிஸ்? நட்டோம். பிடுங்கினது இந்தா உக்காந்திருக்காரே, இவருதான்."

"அத இங்க பேசாதீங்க" என்றார் உத்தியோகத்தர்.

"வேற எங்க பேசுறது? எங்க புள்ளைங்க பட்டினி கெடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

மிஸ் தலை குனிந்தபடியே சொன்னார்: "காணிப் பிரச்சின எங்க திட்டத்துல வராது. சாக்குல மண் போட்டு நடலாமே."

"சாக்குல நட்டு ஒரு குடும்பமே சாப்பிடுறதா?" என்று அக்கா கத்தினார்.

கூட்டம் முடிந்து கொடுத்த விதைப் பாக்கெட்டை நான் வாங்கவில்லை. எங்கள் புடவைக் கடைக்கு வரும் சிங்கள அம்மா ஒருவர், பாதை மூடிக் கிடந்த நாட்களில் வீட்டைச் சுற்றியுள்ள தன் வளவில் விளைந்த கிழங்கைச் சாப்பிட்டே சமாளித்ததாகச் சொன்னார். அவருக்குச் சொந்த வளவு இருக்கிறது. நடுவதற்கு அவர் ஒரு கட்டு மரவள்ளித் தடி தந்தார். அந்த ஞாயிறு லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் சரிவில் இறங்கி அதை நட்டோம். உத்தியோகத்தர் வந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "துரைகிட்ட சொல்றேன்" என்று திரும்பிப் போனார்.

தோட்ட மேலாளரான துரை இன்னும் வரவில்லை. எந்த நாளும் வந்து பிடுங்கலாம்; காணி எங்கள் பேரில் இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்த மலைக்கு உழைத்தவர்கள் ஒரு கிழங்கு நட அனுமதி கேட்க வேண்டுமாம். கேட்க மாட்டேன்.