கூட்டத்தில் ஓர் இறங்கிய தோள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப் போட்டேன். காட்டுக்குப் போனவரின் குடும்பம் என்று தெரிந்தால் என் வீட்டுக்காரரின் ரயில்வே வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். என் மாமியாரும் இறைவனடி சேர்ந்துவிட்டார். சாமி மேடைக்குக் கீழே ஒரு வீடியோ கேசட் மட்டும் மிச்சம்.

மாமியாருக்கு ஒரே தம்பி. கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, வாளியில் பால் சுமந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போனவர் திரும்பவே இல்லை. சீனாவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ரஷ்யாவில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். அத்தைக்கு அது போதும்.

எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு வீடியோ வந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, அத்தையும் நானும் பிரிக்பீல்ட்ஸ் வீடியோ கடைக்குள் நுழைவோம்.

"பாட்டி, புதுப் படம் வந்திருக்கு. நல்லா அழுவலாம்லா," என்பார் கடைக்காரர்.

"அழுவுறதுக்குப் படம் எதுக்குய்யா? தலைவருங்க படம் இருந்தா குடு."

"எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா பாட்டி?"

அத்தை சிரிக்காமல், "நீ ஓட்டுப் போடுவியா, சொல்லு," என்பார்.

சீனா, ரஷ்யா என்று உலகத் தலைவர்களைப் பற்றிய ஆங்கில ஆவணப் படங்கள் அவை. எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. தலைவர் கையசைப்பதை அத்தை பார்க்கவும் மாட்டார். எதிரே நிற்கும் கூட்டம் வந்ததும், "நிப்பாட்டும்மா," என்பார். நான் நிறுத்துவேன். முந்தானையால் திரையைத் துடைத்து, முகம் முகமாகத் தேடுவார். பால் வாளி சுமந்து சுமந்து தம்பிக்கு இடது தோள் இறங்கியிருக்குமாம். "இவன் இல்ல. போடும்மா," என்று வந்து உட்காருவார். முருகனை வேண்டிக்கொண்டு நானும் தேடினேன்.

ஒரு படத்தில் தலைவரின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். ஜனங்கள் அழுதார்கள், சிரித்தார்கள். என் வீட்டுக்காரர், "எல்லாம் முடிஞ்சிடுச்சிம்மா. கம்யூனிஸ்டுங்க ஆட்சியே போயிடுச்சு," என்றார்.

"வேலை முடிஞ்சிடுச்சில்ல? அப்போ வீட்டுக்கு வரணும்ல," என்றார் அத்தை.

மறுநாளே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்த் தம்பிக்கு ஒரு கைலி வாங்கி வந்தார். நம் காட்டிலிருந்தவர்களும் ஆயுதத்தைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள் என்று செய்தி வந்தது. அவர்களிடமும் ஆள் விட்டு விசாரித்தோம். அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஆடி அமாவாசை வந்தது. "இனிமேயாவது மாமாவுக்கு எள்ளுத் தண்ணி விடுறேம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

"உசுரோட இருக்கறவனுக்கு விட்டா பாவம்டா."

"உசுரோட இல்லன்னா?"

அத்தை வாழைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ இத்தனை வருசமும் எம் தம்பி பசியோடல்ல இருந்திருப்பான்," என்றார். அவர் உடைந்து அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு முகத்தைக் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கோயிலாண்ட தனியா ஒக்காந்திருக்கற வயசாளி யாரையாச்சும் கூட்டியா. இருந்தாலும் அவனுக்குப் போவும், இல்லாட்டியும் போவும். எங்க போய்ச் சேரணும்னு சாமிக்குத் தெரியாதா?"

வந்த பெரியவருக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். அந்தக் கைலியைக் கொடுத்தபோது பெரியவர் தயங்கினார். "வாங்கிக்க தம்பி," என்றார் அத்தை, தன்னைவிட மூத்தவரைப் பார்த்து.

இன்றும் ஆடி அமாவாசையில் அத்தைக்கு எள்ளுத் தண்ணீர் விடுகிறோம். அவர் தம்பிக்கு விடுவதில்லை. யாராவது ஒரு பெரியவரை அழைத்துச் சாப்பாடு போட்டு, புதுக் கைலி கொடுக்கிறோம். உயிரோடு இருந்தால் தம்பிக்குத் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். அத்தை கடையிலிருந்து விலைக்கு வாங்கி வைத்திருந்த அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்க இப்போது மெஷின் இல்லை. அத்தை அடிக்கடி நிறுத்திய இடத்தில், நாடா தேய்ந்து, கூட்டத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அத்தையின் தம்பியை வீரன் என்றோ துரோகி என்றோ முத்திரை குத்த வேண்டாம். முக்கியமாக, செத்துப்போனவர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அத்தை கடைசிவரை அப்படிச் சொல்லவில்லை.