முதல் கரண்டி என் கையால்

பசியோடு உட்கார்ந்திருப்பவரைக் காக்கவைத்துவிட்டு முடிக்குக் கலர் அடித்துக்கொண்டது உண்டா நீங்கள்? நான் செய்திருக்கிறேன்.

போன வருஷம், என் பிறந்தநாள். போத்தனூர் பக்கம் வயதான பெண்கள் மட்டும் இருக்கும் இல்லம் ஒன்றில் அம்மா என் பேரில் மதியச் சாப்பாடு சொல்லியிருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு போடுகிறவர் வந்து முதல் கரண்டியைத் தன் கையால் வைத்தால்தான் பந்தி ஆரம்பிக்கும். ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னேன்.

ஒரு மணிக்கு நான் சலூனில் இருந்தேன். போட்டோவில் கெத்தாகத் தெரிய வேண்டுமே! இல்லத்தில் வேலை பார்க்கும் அக்கா போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, எல்லாரும் உக்காந்துட்டாங்க. சக்கரை இருக்கற அம்மாளுக்கு இன்சுலினும் போட்டாச்சுங்க. நாங்களே பரிமாறிரட்டுங்களா?"

"அய்யோ, வேண்டாங்க்கா! நான்தான் பரிமாறோணும். பத்தே நிமிஷம், வாரேன்."

நான் படிப்பது பயோடெக். இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. இன்சுலின் போட்டிருந்த அந்த அம்மாவின் ஜாக்கெட் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை கிடுகிடுவென நடுங்கியது. அக்கா சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் புகட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பவே பிஸ்கட் குடுத்தேனுங்க. சாப்பாடு போடற புள்ள வராம எப்படித் திங்கறதுன்னு வாங்கமாட்டேனுட்டாங்க" என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தல நல்லாருக்குங்க தம்பி."

கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அந்த அம்மா கண் திறந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"வெயில்ல வந்தீங்களா கண்ணு? சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டிருந்தேன். சலூனுக்குப் பக்கத்து பேக்கரியில் இரண்டு முட்டை பப்ஸ்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

"அப்ப மொதல்ல இந்தப் புள்ளைக்குப் போடுங்க அம்மணி" என்றார் அக்காவிடம்.

சாயங்காலம் வீட்டில், "எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டாங்களா?" என்று அம்மா கேட்டார். "செமயா சாப்பிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த வருஷமும் அங்கேயே சாப்பாடு சொல்லிவிடட்டுமா என்று அம்மா காலையில் மெசேஜ் போட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை.