கொடுமுடியிலிருந்து லாரியில் வந்த ஃபிளாப்பி

1998 வாக்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோவை சிங்காநல்லூரில், ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். மகளுக்குக் காது கேட்காது என்று தெரிந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன்.

காதுக்குக் கருவி போட்டும் அவளுக்குக் கொஞ்சம்தான் கேட்டது. மீதியை எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். அதில் ஒரு சிக்கல். 'அம்மா' என்றாலும் 'அப்பா' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், தெரியும். அதனால் ஐந்து வயதிலும் அவளுக்கு நானும் அம்மா, அவள் அப்பாவும் அம்மா. ஷிஃப்ட் முடிந்து வருகிறவரைப் பார்த்ததும் "அம்மா" என்று ஓடுவாள். அவரும் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொள்வார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அவர் ஆபீசில் ஓரங்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. குரலைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் புரோகிராம் எழுதத் தேவையான சாஃப்ட்வேரை விலை கொடுத்து வாங்க வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. அதில் இருந்தது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற, ஆனால் காசில்லாமல் கிடைக்கிற சாஃப்ட்வேர். புரோகிராம் எழுத வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. பல நாள் மல்லுக்கட்டி, மைக்கில் பேசினால் திரையில் சிவப்புக் கோடாக ஓடும்படி செய்துவிட்டேன். 'அம்மா' என்றால் கோடு விடாமல் அலையடித்துக்கொண்டு போகும். 'அப்பா' என்றால் நடுவில் அறுந்து, சட்டென்று மறுபடி எழும்பும். உதட்டில் தெரியாத வித்தியாசம் திரையில் பளிச்சென்று தெரிந்தது. மகள் அந்த அறுந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பாள். தானும் அப்படி அறுத்துவிட வேண்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு முயற்சி செய்வாள். கோடு அறுபடாது. ஆனால் வரவர அந்த இடத்தில் மெலிந்துகொண்டே வந்தது.

அவள் பேசுவதை எல்லாம் பதிவு செய்து வைத்துக்கொண்டிருந்தேன். சிறப்புப் பள்ளி டீச்சரும் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடுத்த பயிற்சியைச் சொல்வார். பதிவுகள் சேர்ந்து சேர்ந்து ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது. பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கினோம். பழையதைக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

புதிய டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டி, எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுத்தேன். அதிலிருந்தே எல்லாம் இயங்கும்படி மாற்றினேன். நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது. மகளும் பேசிப் பார்த்தாள். நிம்மதியாகப் பழைய டிஸ்க்கைக் கழற்றி, கணவரிடம் கொடுத்துக் கடையில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் புதியதை முதலாவது இடத்துக்கு மாற்றி மாட்டி சுவிட்சைப் போட்டேன். 'எல், ஐ' என்று இரண்டே எழுத்து வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற சின்னப் புரோகிராமின் பெயர் லிலோ. எல், ஐ, எல், ஓ என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தும் திரையில் வந்தால்தான் எழுந்திருக்கும். நான் சோதித்துப் பார்த்த அன்று எழுப்பிவிட்டது பழைய டிஸ்க்கில் இருந்த லிலோ. அது எனக்கு உறைக்கவேயில்லை. அவசரத்துக்கு எழுப்பிவிட என்று வைத்திருந்த ஃபிளாப்பியைப் போட்டேன். கறகறவென்று சத்தம் போட்டுவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. எடுத்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சை. லினக்ஸ் சிடியையோ கணவரின் நண்பர் ஒருவர் இரவல் வாங்கிக்கொண்டு பெங்களூர் போயிருந்தார்.

மகள் வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மைக்கைக் கையில் எடுத்தாள். கோடு வரவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டாள். மறுபடியும் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கணவர் கம்ப்யூட்டரைக் கட்டி எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு காந்திபுரத்தில் இருந்த அந்தக் கடைக்குப் போனார். பழைய டிஸ்க்கைத் துடைத்து வேறொரு மெஷினில் மாட்டி அனுப்பியாகிவிட்டது என்றார்கள். கடைப் பையன்களில் ஒருவர் எங்கள் டிஸ்க்கைத் தன் மெஷினில் இணைத்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்கக்கா. காலி டிஸ்க்குங்க. ஃபார்மட் போட்டுக் குடுத்தர்றேன்."

"நல்லாப் பாருங்க தம்பி. நானேதான் எல்லாத்தையும் காப்பி பண்ணினேன்."

"காட்டலீங்களே. சரியா ஏறியிருக்காதுங்க."

சரியாக ஏறவில்லையோ? ஏறியது என்று நான் நம்பியதுதான் தப்போ? அவர் டிஸ்க்கை அடியோடு துடைத்துவிடுகிற ஃபார்மட் கட்டளையை அடித்தார். உறுதிதானா என்று திரை கேட்டது. அவர் விரல், ஆமாம் என்று சொல்கிற 'ஒய்' எழுத்தின் மேல் இருந்தது. கணவர்தான் அவர் தோளைப் பிடித்து, "கொஞ்சம் இருங்க தம்பி, எதுக்கும் மொதலாளியக் கேட்டுப்போடலாம்" என்றார்.

முதலாளி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு வந்து, என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டார். லினக்ஸ் என்றதும், "அடேய், கைய எடு!" என்று ஒரு சத்தம் போட்டார்.

"அது இருக்கற டிஸ்க்க நம்ம மெஷினுக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதான் காலின்னு காட்டுது. உள்ள இருக்கலாமுங்க. ஆனா அதை எழுப்பறதுக்கு இங்க ஆளில்லீங்க. கொடுமுடில ஒரு பல் டாக்டர் இருக்காரு. இந்த லினக்ஸ்னா உசுரு அவருக்கு. நம்பர் தாரேன், பேசிப் பாருங்க."

பல் டாக்டர்! நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு வழியும் இல்லை.

எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் இருந்தது. அவர்களுக்கு இரண்டு லாரி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வண்டியோடு வெளியூர் போய்விடுவார். எந்த லோடு, எந்த ஊர், எந்த வண்டி என்று நாள் முழுக்க ஃபோனில் சத்தமாகப் பேசித் தொழிலை நடத்துவது அக்காதான். விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன கண்ணு, பேசு" என்று ஃபோனை என் பக்கம் நகர்த்தினார்.

டாக்டரே எடுத்தார். நான் பதற்றத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். "ரெண்டு எழுத்து வருதுங்களா? எல், ஐ?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பயப்படாதீங்க. டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குது. எழுப்பி உடற லிலோ மட்டும் தடுமாறுது. ஒரு நல்ல ஃபிளாப்பி இருந்தாப் போதும், சரி பண்ணிப்போடலாம்."

அந்த ஃபிளாப்பிதானே என்னிடம் இல்லை! அதைச் சொன்னதும், தானே தயார் செய்து பஸ்ஸில் கொடுத்து விடுவதாகச் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

"ஏனுங்க டாக்டரு, பஸ்ஸெல்லாம் வேண்டாமுங்க. நாளைக்கு நம்ம வண்டி கரூர்ல லோடு ஏத்திட்டு உங்க ஊரு வழியாத்தான் வருது. டிரைவரு வந்து உங்ககிட்ட வாங்கிக்குவாருங்க."

மறுநாள் மத்தியானம் லாரி வந்து நின்றது. டிரைவர் அண்ணன் இறங்கி வந்து, அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிய பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "கீழ மேல உழுகாம, பாட்டு ஸ்பீக்கர் மேலயே வெச்சுப் பத்திரமாக் கொண்டாந்தேனுங்க" என்றார். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும். ஃபிளாப்பியில் இருப்பதைக் காந்தம் அழித்துவிடும். அவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று டாக்டர் இரண்டு ஃபிளாப்பி வைத்திருந்தார். முதலாவதைப் போட்டேன். எதுவும் வரவில்லை. இரண்டாவதைப் போட்டேன். முனகியது, நின்றது, மறுபடி முனகியது. பிறகு திரையில் எழுத்து வந்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடி வந்துவிட்டார்.

டாக்டரை ஃபோனில் அழைத்தோம். "எஸ்.டி.டி. பில்லு உங்களுக்கு ஏறும், ஃபோன வெச்சுருங்க" என்று சொல்லி அவரே திரும்பக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் முன்னறையில், ஃபோன் இருந்தது அக்கா வீட்டு ஜன்னலோரம். நடுவில் ஒரு சந்து. அவர் சொல்வதை அக்கா கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும், நான் திரையில் பார்ப்பதை அக்கா அவருக்குச் சொல்ல வேண்டும். லாரி நம்பர் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. எழுத்து எழுத்தாகக் கணீரென்று வந்தது.

"எம்மு, ஓ, யூ, என்னு, டீ! ஒரு எடம் உட்டுப்போட்டு, ஆரு!"

"அடிச்சுட்டேங்கக்கா!"

"இப்ப சாஞ்ச கோடாம் கண்ணு! வலது பக்கஞ் சாயோணுமாம்!"

ஒவ்வொன்றாக அடித்தேன். இடையிடையே டாக்டருக்கு நோயாளிகளும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை அக்கா, "வாயத் தொறந்தே வெச்சிருக்கச் சொல்றாரு அம்மணி!" என்று கத்தினார். இருந்த பதற்றத்தில் நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருவருக்கும் புரிந்தது. சந்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் சிரித்த சிரிப்பு கொடுமுடிவரை கேட்டிருக்கும்.

ஒருவழியாக உள்ளே நுழைந்துவிட்டேன். கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொன்னேன். மகளின் பதிவுகள் வரிசையாக ஓடின. ஒன்றுகூடக் குறையவில்லை. "இருக்குதுங்கக்கா! எல்லாமே இருக்குதுங்க!" என்று கத்தினேன். அக்கா அதை அப்படியே ஃபோனில் கத்தினார்.

மீதி வேலை சுலபம். டிஸ்க் இரண்டாவதாக மாட்டியிருந்தபோது அதைக் குறிக்க நான் கோப்புகளில் எழுதி வைத்த 'பி' என்ற எழுத்து இரண்டு இடத்தில் அப்படியே கிடந்தது. முதலாவது இடத்துக்கு மாற்றிய பிறகு அது 'ஏ' ஆக இருக்க வேண்டும். இரண்டையும் திருத்திவிட்டு லிலோவை ஓட விட்டேன். ஒரு வரி வந்தது, அதன் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி.

"நட்சத்திரம் போட்டு வந்திருக்குதுங்கக்கா!"

அக்கா ஃபோனில் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நட்சத்திரம் வந்தாப் பொழச்சுப்போச்சாம்! ஃபிளாப்பிய எடுத்துப்போட்டு சுவிட்ச அணைச்சுத் திருப்பிப் போடச் சொல்றாரு!"

போட்டேன். எல். ஐ. மூச்சுப் பிடித்துக்கொண்டேன். எல். ஓ. நான்கு எழுத்தும் வந்து, திரை முழுக்க வரிகள் மடமடவென்று ஓட ஆரம்பித்தன. நான் நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன். அக்கா ஃபோனை வைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். மைக்கில் 'அம்மா' என்றாள். சிவப்புக் கோடு ஓடியது. கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் அவள் அந்தக் கோட்டை அறுத்துவிட்டாள். அன்று அவரை அவள் கூப்பிட்டதையும் அதற்கு அவர் அழுததையும் எழுத எனக்கு வராது.

அந்த வருஷமே கொடுமுடி போனோம். கோவிலில் கும்பிட்டுவிட்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போய், மகளையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றோம். ஃபோனில் கேட்ட குரலுக்கு நான் கற்பனை செய்ததைவிட இளையவராக இருந்தார். அவருக்கு என்னைச் சட்டென்று நினைவு வரவில்லை. அப்படி எத்தனையோ பேர் கூப்பிடுவார்களாம். லாரி என்றதும்தான், "ஓ, சத்தமாப் பேசுவாங்களே ஒரு அக்கா!" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அத்தனை நேரம் உதவி செய்தவர், அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மகளைக் காட்டி, அவள் குரல்தான் அதில் இருந்தது என்று சொன்னேன். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல வேளை, அப்ப நீங்க சொல்லலீங்க. தெரிஞ்சிருந்தா எனக்கு நாக்குக் கொழறியிருக்கும்" என்றார்.

எங்களுக்கு உயிர் போகிற மாதிரி இருந்த விஷயம் அவருக்கு ஒரு வேலை நாளின் நடுவே வந்துபோன ஃபோன் கால்தான். ஒரு டிஸ்க்குக்குள் இருப்பது என்னவென்று தெரியாமலே, அதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைக்க ஒரு மனிதரால் முடியும் என்பதை நினைத்தால், இன்றும் எந்தக் கஷ்டத்திலும் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.