ஆளுக்கொரு பிடி அரிசி

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்றைய ஜெபக்கூட்டத்துக்கு வெயிலென்றும் பாராமல் வந்திருக்கிற சொந்தக்காரர்களுக்கும் சபையாருக்கும் இச்சிறு மலரைக் கொடுக்கிறோம். மூத்த மகளாகிய என்னை எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து டீச்சராயிற்றே, நாலு வரி அழகாக எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது தோவாளைப் பக்கம், பூந்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய வீட்டில். பூதப்பாண்டிக்கு அருகே எங்கள் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த வீட்டில் இருந்தவர்கள் அப்பாவும், அப்பாவின் அக்காளும் மட்டுமே. அந்த அத்தை இளம் வயதிலேயே விதவையானவர்கள். இன்றும் என்னோடு இருக்கிறார்கள். பிறகு நான் பிறந்தேன். எனக்குப் பின் தம்பி.

வீட்டுச் செலவைப் பற்றி அம்மாவுக்கு இருந்த அபிப்பிராயங்களை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும். தேயிலைத் தண்ணீர் குடிப்பவர்களைக் கண்டால் அம்மாவுக்கு ஆகாது. "கருப்பட்டிக் காப்பி கெடக்கும்போ, இலைய அவிச்ச வெள்ளத்துக்கா காசு குடுப்பாவ?" என்பார்கள். சாளை மீன் மலிந்து வருகிற நாளில் பெரிய மீன் கேட்கிற ஆணுக்கு நாக்கு நீளம். கடைகளில் ரங்கூன் அரிசி வந்து குவிந்து, நம் ஊர் நெல் விலை படுத்துவிட்ட காலத்தில் அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நாஞ்சி நாட்டுல இருந்துக்கிட்டு கப்பல்ல வந்த அரிசியத் திங்கணுமா? வயலுக்கு முன்னால நிக்க வெக்கமா இருக்காதா?" என்று கடைக்காரரிடமே கேட்டுவிட்டார்கள். அவர் பாவம், தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மரச்சீனிக் கிழங்கும் ஒரு கிண்ணம் கஞ்சியும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் இருந்தால் ராஜாவையே இருத்திச் சோறு போடலாம் என்பது அம்மாவின் கட்சி.

அம்மா அரிசியை அளந்து போட்டதில்லை. எல்லாம் கைதான். நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது முதல் பிடியைக் கோவிலுக்கென்று தனிப் பானையில் போடுவது எல்லோருக்கும் தெரியும். அம்மா அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பிடிக்கும் ஆளைச் சொல்லுவார்கள். அந்த ஆளின் வயிற்றை நினைத்துக்கொண்டு எடுத்தால் அரிசி கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்பது அம்மாவின் கணிப்பு. "கோயிலுக்கு. அவியளுக்கு. மைனிக்கு. மூத்தவளுக்கு. எளையவனுக்கு. எனக்கு." அவியள் என்றால் அப்பா, மைனி என்றால் அத்தை. இந்த முணுமுணுப்பைக் கேட்டால் எங்களுக்குப் பசி வந்துவிடும். ஒரு பருக்கை மிஞ்சியதில்லை.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம் அம்மா கோவிலுக்கென்று எடுத்த கையோடு நேரே "மைனிக்கு" என்றார்கள். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார்கள்.

"எனக்க தம்பிக்கு இன்னைக்குப் பட்டினியா பிள்ளே? சண்டை ஏதும் உண்டுமா?"

அம்மா வெட்கப்பட்டுச் சிரித்து, இன்னொரு பிடி எடுத்து உலையில் போட்டார்கள். களியக்காவிளைச் சந்தைக்குப் போயிருந்த அப்பா வண்டியில் வந்து இறங்கியதும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தார்கள். அந்த வாரம் முடியவில்லை. வரப்பில் பாம்பு தீண்டி அப்பாவைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைய விளையாட்டுப் பேச்சு யாருக்கு நினைவிருக்கும்? அழுகிற வீட்டில் அரிசியைப் பற்றியா நினைப்பார்கள்?

அதன்பின் அம்மா வயலையும் பார்த்து எங்களையும் படிக்கவைத்த பாடு பெரும் பாடு. விளக்கெண்ணெய் வாங்கக் கையில் சல்லி இல்லாமல் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுப் படுத்த நாட்கள் உண்டு. ஆனாலும் ஒருவரிடமும் போய் நின்றதில்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஊரில் பேதி வந்த வருஷம். அம்மா உலை வைத்தார்கள். "கோயிலுக்கு. மைனிக்கு. மூத்தவளுக்கு. எனக்கு." நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். அத்தையின் கை அம்மியில் நின்றுவிட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அரிசிப் பானைக்குள் கையை விட்டு அள்ளி அள்ளி உலையில் போட்டார்கள். "எளையவனுக்கு, எளையவனுக்கு" என்று குரல் பதறியது. தம்பி அப்போது முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். நல்ல ஆரோக்கியமாக இருந்தான். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அம்மா தன் வலது கையை மடியில் வைத்து, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொறவு போட்டது கணக்குல சேரல்ல மைனி" என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் சந்தையிலிருந்து ஓர் உழக்கு வாங்கி வந்தார்கள். கோவில் பிடியைத் தவிர வேறொன்றையும் கையால் எடுப்பதில்லை. உழக்கால் அளந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு உலையில் கவிழ்ப்பார்கள். தினமும் சோறு மிஞ்சியது. ஒரு உப்புக்கல் சிந்தினால் குனிந்து பொறுக்குகிற அம்மா, மிஞ்சிய சோற்றைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். அடுக்களையில் பேச்சு நின்றுபோயிற்று. பழைய முணுமுணுப்பு எப்போது கிளம்புமோ என்று நானும் அத்தையும் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

ஊருக்குத் தெரியாமலிருக்குமா? விருந்துக்கு வந்த ஒரு சித்தி, "எனக்கும் சேத்துத்தானே போட்டிய?" என்று அடுக்களையை எட்டிப் பார்த்துக் கேட்டார். அவரே இந்த மலரையும் படிப்பார். கோபித்துக்கொள்ளட்டும். போதகர் ஐயா வந்து, இதெல்லாம் அஞ்ஞானம், கிறிஸ்தவ வீட்டில் இப்படி ஒரு பயம் ஆகாது என்று கண்டித்தார். அம்மா எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்கள்.

"நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன் ஐயா. கைக்கிட்ட ஆரு சொல்லது?" என்றார்கள்.

நான் படித்து டீச்சரானேன். அம்மா வாழ்ந்தது எனக்காகத்தான். எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் அம்மாவின் முகம் மாறிவிடும்.

சென்ற ஆண்டு எனக்கு விஷக்காய்ச்சல் கண்டதும், பல நாட்கள் நினைவில்லாமல் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். டாக்டர் ஐயா பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். அன்று நடுப்பகலில் என் காதில் அந்த முணுமுணுப்பு விழுந்தது. காய்ச்சல் வேகத்தில் நான் சிறு பிள்ளையாகிவிட்டேன் என்றே நினைத்தேன். "கோயிலுக்கு. மைனிக்கு." பிறகு சத்தமே இல்லை. கொதிக்கிற உலையின் ஓசை மட்டும் வெகுநேரம் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல், தெருவில் போகிறவளைக் கூப்பிட்டு நிறுத்துகிற மாதிரி, உரக்கக் கேட்டது.

"மூத்தவளுக்கு!"

அதற்குப் பின் வேறு யார் பேரும் வரவில்லை. மூடியை வைத்த சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் எனக்கு வேர்த்தது. காய்ச்சல் இறங்கியது. நான் எழுந்து உட்கார்ந்த வாரத்தில் அம்மா படுத்தார்கள். என்ன நோய் என்று டாக்டர் ஐயாவுக்கும் புரியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். ஒரு காலையில் அந்தக் கை அசையவில்லை.

அன்று அடுக்களையில் நடந்ததை, இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் அத்தை என்னிடம் சொன்னார்கள்.

"அவ உழக்கத் தள்ளி வச்சிட்டா மக்கா. ஒனக்குப் பிடி இருக்குமா இருக்காதான்னு தெரியாம இருக்க முடியலன்னா. எனக்குள்ளத எடுத்தா. அடுத்தாப்புல ஒனக்கு வரணும். கை வரல்ல. நேரே 'எனக்கு'ன்னு அள்ளிட்டு. உதடுதான் அசஞ்சுது, சத்தமில்ல. அவளுக்க பிடிதான் கையில இருக்கு. பொறவு போட்டா சேராதுன்னு அவளுக்குத் தெரியும் இல்லியா? அதயே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் அந்தப் பிடியையே ஒன் பேரச் சொல்லிப் போட்டா."

"அம்மாவுக்கு?" என்றேன்.

"நானும் கேட்டேன். ஒனக்கு எடுக்கலியான்னு. பசி இல்ல மைனின்னுட்டு மூடிய வச்சிட்டா."

நான் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். விஷக்காய்ச்சல் தானே இறங்கும் என்பது எனக்குத் தெரியும். ஓயாத உழைப்பும் கண்விழிப்பும் ஒரு மனுஷியைச் சாய்த்துவிடும் என்பதும் தெரியும். இதை அத்தையிடம் சொன்னேன். அத்தை தலையை ஆட்டிவிட்டு உலைக்கு அரிசி எடுக்கப் போனார்கள்.

என் காய்ச்சல் நாட்களில் இளநீரும் நொய்யும் கொண்டுவந்து தந்த அயல்வீட்டாருக்கும், அம்மாவின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய சபைப் பெண்களுக்கும், வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், ஒரு வருஷம் அந்தப் பாரத்தைத் தனியே சுமந்த அத்தைக்கும் எங்கள் நன்றி உரியது.

அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று காய்ச்சல் இறங்கியதும் பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. அம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கஞ்சியைப் புகட்டினார்கள். உப்பிட்ட வெறும் கஞ்சிதான், ஆனாலும் அத்தனை ருசியாக இருந்தது. முழுவதும் குடித்துவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு மக்கா. எல்லாம் ஒனக்குள்ளதுதான். நல்லா குடி" என்றார்கள் அம்மா.