பூனை இருக்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும்

மூக்கில் அரிப்பாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் அடுக்குத் தும்மல். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போலச் சத்தம் கேட்டது. தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில் ஒரு நூல்மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் எனக்கு வேலை.

எங்கள் ஊரில் மில்லுக்குப் போகிறவள் இருமினால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். "பஞ்சுதான் அம்மிணி, வேறென்ன?" என்றார்கள் பக்கத்து வீட்டில். என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். எதையும் ஒரே பேச்சில் முடித்துவிடுவார். "வேலைய உட்டுப்போடு. உசுரோட இருந்தாப் போதும்." எனக்கும் சரியென்று பட்டது. ஆசையாய்ச் செய்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

வீட்டில் வெள்ளச்சி இருந்தாள். எங்கள் பூனை. மகள் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை அவள்தான். பகல் முழுக்க என் மடி. நான் படுத்தால் என் கழுத்தடி. மில்லை விட்டால் சரியாகும் என்று பார்த்தால், இழுப்பு இன்னும் அதிகமானது. அட கடவுளே, பஞ்சு நெஞ்சிலேயே தங்கிவிட்டதா என்று பயந்துபோனேன்.

வீட்டுக்காரரோடு நெஞ்சு டாக்டரிடம் போனேன். நிதானமான மனுஷர். எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, மில்லுக்குப் போயிட்டிருந்தப்ப எந்த நாள் ரொம்பச் சிரமமா இருக்கும்? லீவு முடிஞ்சு போற அன்னைக்குங்களா?"

"இல்லீங்க டாக்டர். லீவன்னைக்குத்தானுங்க. மில்லுக்குள்ள போயிட்டாக் கொஞ்சம் தேவலைங்க."

"பஞ்சுன்னா லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் நெஞ்சப் புடிக்கும். இது வேறங்க. வீட்ல என்ன வளக்கறீங்க?"

நான் குனிந்து புடவையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டேன். "பூனைங்க," என்று வீட்டுக்காரர்தான் சொன்னார்.

முன்கையில் சொட்டுச் சொட்டாய் மருந்து வைத்துக் குத்திப் பார்த்தார்கள் (எது ஒத்துக்கொள்ளாது என்று காட்டும் தோல் சோதனை). பூனைக்கென்று வைத்த இடம் மட்டும் கொசு கடித்த மாதிரித் தடித்தது. ஆஸ்துமா (மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும் நோய்) என்றார். அதைக் கிளப்பிவிடுவது ஒவ்வாமை (தீங்கில்லாத ஒன்றை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்வது). முடி காரணமில்லையாம். பூனையின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிற ஒரு பொருள், காய்ந்து காற்றில் மிதக்கிறதாம்.

"யாருக்காவது குடுத்துடறது நல்லதுங்க," என்றார்.

பஸ்ஸில் வரும்போதே வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். "அன்னூர்ல தங்கச்சி தோட்டத்துல உட்டுப்போடலாம்." நான் பஸ் என்றும் பாராமல் அழுதேன். வேலை போச்சு, மகள் தூரத்தில், இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்னதான் இருக்கு?

மறுவாரம் டாக்டரிடம் போய் மன்றாடினேன். மனசில்லாமல் மூன்று மாதம் கெடு கொடுத்தார். படுக்கையறைக்குள் பூனை வரக்கூடாது. மடியில் வைக்கக்கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும். பெருக்கிப் புழுதி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; போர்வை, தலையணை உறையெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். காலை மாலை உறிஞ்சு மருந்து (மூச்சோடு உள்ளே இழுப்பது; மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கும்). அதற்கப்புறமும் ஊதிப் பார்க்கும் சோதனையில் தேறாவிட்டால், அன்னூர்தான்.

உறிஞ்சு மருந்து என்றதும் சொந்தக்காரர்கள் பதறினார்கள். "ஒருக்காப் புடிச்சா உடவே முடியாதாமா." பயந்துபோய் டாக்டரிடமே கேட்டேன். "பழக்கமெல்லாம் ஆகாதுங்க. நீங்களா நிறுத்தாம இருந்தாச் சரி," என்றார். உங்களுக்கும் அந்தப் பயம் இருந்தால் தயவுசெய்து பயத்தை விட்டுவிடுங்கள், மருந்தை அல்ல.

மருந்து கஷ்டமில்லை. கதவுதான் கஷ்டம். வெள்ளச்சி வெளியே நின்று பிறாண்டுவாள், கத்துவாள். உள்ளே நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அதுவரை அவளைச் "சனியன்" என்றே கூப்பிட்ட என் வீட்டுக்காரர், பொறுக்க முடியாமல் தூக்கி வைத்துக்கொண்டார். ஈரத்துணியால் அவளைத் துடைத்துவிடும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. கையெல்லாம் கீறல். "லேத்துலகூட இத்தன காயம் பட்டதில்ல அம்மிணி," என்று கொண்டுவந்து காட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிறாண்டல் நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் மடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வேண்டியதும் அதைத்தானே? ஆனாலும் வயிறு எரிந்தது.

கெடு முடிந்து ஊதினேன். டாக்டர் ஊதும் கருவியின் முள்ளைப் பார்த்தார். "தேறிட்டீங்க. பூனை இருக்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும்." எல்லாருக்கும் இப்படி அமையாது. கடுமையான இழுப்பு உள்ளவர்கள் என்னைப் பார்த்து டாக்டர் பேச்சை மீறிவிடாதீர்கள். மில் வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளச்சியைத்தான் தேடினேன். அவர் மடியில் கிடந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள்.

"வா, தொடு," என்றார் அவர்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். அந்தச் சின்ன உடம்பு ஏறி இறங்கியது. மணிக்கணக்காக என் மடியில் கிடந்த காலத்தில் அவள் மூச்சு விடுவதை நான் கவனித்ததே இல்லை. என் மூச்சையும்தான். இனி எனக்கென்று உள்ளது கொஞ்ச நேரம், ஒரு கை தூரம். அது முழுக்க அவளைத் தடவிக்கொடுத்தேன். பிறகு எழுந்து போய், அழுதுகொண்டே, சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.