பத்து விநாடிக்குப் பிறகு வந்த விடைகள்

எண்பதுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, பென்னாகரத்தில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா கம்பும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலிலேயே "ஆர்டர் வந்துச்சாம்மா?" என்று நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கப்போகிறார்களாம். உள்ளூர்த் தமிழ் தெரிந்த ஒருவர் மூன்று மாதத்துக்கு வேண்டும், முடிவில் ஒரு சான்றிதழ் தருவோம் என்றார்கள். நான் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன்.

உள்ளூர்த் தமிழுக்காக என்னை எடுத்தவர்கள், முதல் நாளே அதைப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கேள்விகள் ஒரு புத்தகத்தில் அச்சாகியிருந்தன. அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, பெருமைதான். பயிற்சிப் பள்ளியில் நான் 'வூடு' என்று சொன்னதற்கு ஒரு வருஷம் முழுக்கக் கேலி செய்திருந்தார்கள். கஷ்டப்பட்டு 'வீடு' என்று பழகிக்கொண்டு, வூடு என்கிறவர்களைப் பார்த்து நானும் சிரிக்க ஆரம்பித்திருந்தேன். சித்தேரி மலைக்கு பஸ் ஏறும்போது என் தலையில் கொம்பு முளைக்காத குறைதான்.

நாங்கள் போன ஊரில் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க மலையிறங்கி ஒரு விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த வருஷம் விடுதியில் இடம் குறைவு. எங்கள் தேர்வில் தேறுகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வது என்று பள்ளிக்காரர்களும் எங்கள் குழுவும் பேசி முடித்திருந்தார்கள். தேர்வு எழுத ஐந்து பையன்கள், ஒரு பெண். பையன்களுக்கு இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. இந்தத் தடவை இடம் கிடைத்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் ஆட்டோடு போகட்டும் என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. இதை என்னிடம் சொன்னது அவள் அம்மா. நான் தங்கியிருந்தது அவர்கள் வீட்டில்தான்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பாவிடம், திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மனிதர் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். பேச்சைக் காணோம். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சத்தமாகக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தபோது, "சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒன்னு வரும்ங்க. மழ பேஞ்சா வராதுங்க. நாளைக்குப் பேயாதுங்க, வரும்" என்றார். எனக்கு எரிச்சல். இவர்களுக்கு எல்லாமே மெதுவாகத்தான் ஏறும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மனைவி சிரித்தார். "எங்கள்ள பெரியவங்க, விருந்தாளிங்க எதுனா கேட்டா வெடுக்குனு பதில் சொல்ல மாட்டோம்ங்க டீச்சர். கேட்டத மனசுல போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லணும். ஒடனே சொன்னா, உங்க பேச்ச மதிக்கலன்னு ஆயிரும்." நான் தலையை ஆட்டி வைத்தேன். சோம்பலுக்கு ஒரு சாக்கு என்று தள்ளிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூட அறையில் ஆராய்ச்சியாளர் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்தார். நான் கேள்வியை வாசிக்க வேண்டும்; பிள்ளை சொல்வதை அந்தக் கேள்விக்கு நேராக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. வாட்ச் 'டிக்' என்றதும் அடுத்த கேள்வி. சந்தை, டவுன் என்று சுற்றிப் பழகிய பையன்கள் பட்பட்டென்று எதையாவது சொன்னார்கள். பாதி சரியாகவே அமைந்தது. கடைசியாக அந்தப் பெண் வந்தாள். அவள் அம்மா கதவோரம் நின்றுகொண்டார்.

"ஒரு கயிற்றை நான்கு துண்டுகளாக்க எத்தனை முறை வெட்ட வேண்டும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டிக்.

"குடை எதற்குப் பயன்படுகிறது?"

நான் வாசித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள்: "மூணுங்க." டிக்.

குடைக்கு நேராக 'மூன்று' என்று எழுதினேன். "ஒரு வாரத்தில் எத்தனை நாட்கள்?"

"மழையில நனையாம இருக்கறதுக்குங்க."

ஆராய்ச்சியாளர் சிரிப்பை அடக்கக் குனிந்தார். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். டிக்.

"பாலிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கூறு."

"ஏழுங்க."

எனக்குச் சுருக்கென்றது. தாளில் விரலை ஒரு வரி மேலே கொண்டுபோனேன். வாரத்துக்கு ஏழு. இன்னும் ஒரு வரி மேலே. குடைக்கு மழை. அதற்கும் மேலே, கயிற்றுக்கு மூன்று. ஒன்றுகூடத் தப்பில்லை. கேட்டதை மனசில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். அதற்குள் நான் அடுத்ததைக் கேட்டுவிடுகிறேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல், முந்திக் கேட்டதற்கு முந்தி என்று வரிசை தவறாமல் பதில் தருகிறாள்.

அடுத்த கேள்வியை இழுத்து இழுத்து வாசித்தேன். "நார்மலா படிங்க" என்றார் ஆராய்ச்சியாளர்.

"சார், எல்லாம் சரியாச் சொல்றா. ஒரு கேள்வி பிந்திச் சொல்றா, அவ்வளவுதான். இங்க உடனே பதில் சொன்னா மரியாதை இல்லைன்னு வளர்க்கறாங்க. நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்க சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "டவுன் பிள்ளைங்களுக்கும் இதே பத்து விநாடிதாம்மா. ஆளுக்கு ஒரு அளவுன்னா அப்புறம் எதை எதோட ஒப்பிடறது? வேகமும் அறிவுதானே?" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க செய்ய முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பார்த்துக்கலாம்" என்றார்.

சான்றிதழ் கண்முன் வந்து நின்றது. கோயில் வாசலில் நிற்கிற நாலு பேரும் வந்து நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சட்டத்தை மீறி, புத்தகத் தமிழை விட்டுவிட்டு, "கண்ணு, நான் கேட்ட ஒடனே டக்குனு சொல்லிடு" என்றேன்.

அவள் மிரண்டுபோய்க் கதவுப் பக்கம் திரும்பினாள். மகளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து கால்கடுக்க நின்ற அந்த அம்மா, தாழ்ந்த குரலில், "பதறாத சாமி. நல்லா யோசன பண்ணிச் சொல்லு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். டிக்.

முப்பது கேள்வியும் அப்படியே போயிற்று. ஒவ்வொரு சரியான விடையையும் தப்பான இடத்தில் என் கையாலேயே எழுதினேன். முப்பதாவது கேள்விக்குப் பின் கேட்க ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியாளர் வாட்சைப் பையில் போட்டு எழுந்தார். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் ஏன் பேசவில்லை என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசிக் கேள்விக்கான விடையைச் சொன்னாள். அதுவும் சரி. எழுத இடமில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அவள் விடைகள் ஒவ்வொன்றையும் ஒரு வரி மேலேற்றி வேறொரு தாளில் எழுதி ஆராய்ச்சியாளரிடம் நீட்டினேன். பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உங்க சான்றிதழ்ல நல்லபடியாவே எழுதறேன்மா" என்றார். அது லஞ்சமா, பாராட்டா என்று யோசித்தேன். யோசித்தேனே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் பட்டியல் வந்தது. பையன்களில் மூன்று பேருக்கு இடம். அவள் பெயருக்கு எதிரே, 'புரிந்துகொள்ளும் திறன் மிகக் குறைவு, தொடர்பற்ற விடைகள்' என்றிருந்தது. மலைப் பிள்ளைகளைப் பற்றிய அறிக்கையில் அவளை ஓர் உதாரணமாகவே சேர்த்திருந்தார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

தபாலில் தெரிவித்தால் போதும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நேரில் சொல்வதற்காகத் தனியாக பஸ் ஏறிப் போனேன். அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். அம்மா மட்டும் இருந்தார். இடம் இல்லை என்று சொன்னேன்.

அவர் நான் சொன்னதை மனசில் போட்டுப் பார்த்தார். பிறகு, "எம்புள்ள என்னங்க தப்பாச் சொல்லிச்சு?" என்று கேட்டார்.

"ஒன்னுமே தப்பாச் சொல்லலீங்க. எல்லாமே சரிதாங்க."

அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் அப்போதுதான் உடைந்தது. "எல்லாஞ் சரின்னா, தப்பு யாருதுங்க?"

"என்னோடதுங்க" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முதுகில் கை வைத்தார். "அழுவாதீங்க டீச்சர். நீங்க என்ன பண்ணுவீங்க? எழுதச் சொன்னத எழுதுனீங்க."