நாற்காலியில் வைத்த மூடி

செங்டு நகரத்தில் மெய்ரோங்குக்குப் பேச ஆள் கிடைத்ததே ஒரு தப்பால்தான்.

அவள் வடக்கே கோதுமை தின்கிற ஹெனான் மாகாணத்துக்காரி. லாரி ஓட்டும் புருஷனோடு பத்து வருஷத்துக்கு முன்னால் வந்தாள். அவனுக்கு மாவு பிசைவதிலும் நூடுல்ஸ் இழுப்பதிலும் பொழுது போனதால், அக்கம்பக்கத்தில் யாரோடும் பழகவில்லை. அவன் செத்த பிறகு பார்த்தால், அடுக்களையில் சட்டிகள் இருந்தன, பேச்சுக்குப் பதில் சொல்ல ஒரு வாய் இல்லை. மகள் ஷென்சென்னில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்டியாம்மா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான்.

நாலு மாசம் சுவரைப் பார்த்துவிட்டு, பூங்கா டீக்கடைக்குப் போனாள். குளத்தங்கரையில் மரத்தடி முழுக்க மூங்கில் நாற்காலிகள். மல்லிகை டீ வாங்கினாள். தூசி விழக்கூடாதென்று மூடியைக் கவிழ்த்து டீக் கிண்ணத்தின் மேலேயே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தால் கிண்ணத்தைக் காணோம். அவள் நாற்காலியில் ஒரு தடியன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"யோவ், இது என் இடம்!"

"உன் பேரு எழுதியிருக்கா?"

பக்கத்து மேஜையில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏம்மா, மூடியைக் கவுத்து வெச்சா 'நான் கிளம்பறேன், எடுத்துக்கோ'ன்னு அர்த்தம். திரும்பி வரணும்னா மூடியை நாற்காலி மேல வெச்சுட்டுப் போகணும். அப்புறம் ராஜாவே வந்தாலும் உக்கார மாட்டான். எந்தக் காட்டுலேந்து வர்றே?"

"ஹெனான்."

"அதான் பாத்தேன். வா கோதுமை, இங்க உக்காரு. கம்பம் மாதிரி நிக்காதே."

அன்றிலிருந்து மெய்ரோங்கின் பெயர் கோதுமை. கூப்பிட்டவள் ஊறுகாய் அக்கா. தினமும் ஒரு கண்ணாடி ஜாடியில் வீட்டில் போட்ட காராமணி ஊறுகாய் கொண்டுவருவாள், அதனால் அந்தப் பெயர். மூன்றாவது ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி தொங்க மாஜாங் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் கண்ணாடி அண்ணன். அந்த மேஜையில் யாருக்கும் யாருடைய சொந்தப் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. மெய்ரோங் ஒருமுறை கேட்டதற்கு ஊறுகாய் அக்கா அடக்கிவிட்டாள்.

"பேரு கேக்கறது போலீஸ் வேலைடி. வீட்டுக் கஷ்டத்தை வீட்டுலயே வெச்சுட்டுத்தான் இங்க வர்றோம். நீ டீயைக் குடி."

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. சண்டை போட்டார்கள், கேலி செய்தார்கள், காது குடைபவனிடம் பேரம் பேசினார்கள். மெய்ரோங்கின் தொண்டையில் பிடித்திருந்த துரு உதிர்ந்தது. அவளுக்கு அந்த ஊரில் சொந்தமென்று இருந்தது ஊறுகாய் அக்கா ஒருத்திதான்.

நவம்பரில் ஈரக் குளிர் எலும்புக்குள் இறங்கிய ஒரு நாள், மத்தியானம் ஒரு மணி வாக்கில் ஊறுகாய் அக்கா இடது தோளைப் பிசைந்துகொண்டாள்.

"இழுத்துப் பிடிக்குது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை இருக்கில்ல, பிளாஸ்திரி வாங்கிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேன்க்கா. உன் மொகமே சரியில்ல."

"உன் மொகத்தைவிட நல்லாத்தான் இருக்கு. நீயும் வந்தா இடத்தை எவன் பாப்பான்? உக்காரு."

மூடியை நாற்காலி மேல் வைத்தாள். போனாள்.

அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. நாற்காலிக்குக் கை நீட்டிய மூன்று பேரை மெய்ரோங் திட்டி விரட்டினாள். "எழுந்து பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டதற்குக் கண்ணாடி அண்ணன் சலித்துக்கொண்டான்.

"மூடி இருக்கில்ல? வந்துடுவா. மூடி வெச்சவங்களைத் தேடிட்டுப் போறது மரியாதையில்ல. வழியில தெரிஞ்சவ எவளாவது பிடிச்சிருப்பா."

மெய்ரோங் உட்கார்ந்தே இருந்தாள். ஆறிப்போன டீயில் வெந்நீர் ஊற்றச் சொன்னாள், மறுபடி ஆறியது. ஐந்து மணிக்குக் கடைக்காரர்கள் நாற்காலிகளை அடுக்க வந்தார்கள். ஊறுகாய் ஜாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மூன்று நாளும் இரண்டு டீ வாங்கி, ஒரு மூடியைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். நாலாம் நாள் காலை, வெந்நீர் ஊற்றும் கோங் ஊற்றிக்கொண்டே சொன்னான்: "அன்னைக்கு மத்தியானம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்துச்சாம் பெரியம்மா. யாருன்னு தெரியல."

மெய்ரோங் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு ஓடினாள். மேஜையில் ஒரு பெண் போலீஸ் இருந்தாள்.

"உங்களுக்கு என்ன உறவு?"

"டீ."

"என்னது?"

"ஒண்ணா டீ குடிப்போம். ரெண்டு வருஷமா."

"பேரு?"

மெய்ரோங் ஜாடியை மேஜை மேல் வைத்தாள். "ஊறுகாய் அக்கா."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. "குடும்பப் பேரு? எந்தத் தெரு?"

இரண்டு வருஷம் தினமும் ஆறு மணி நேரம். அக்கா எந்தப் பல்லால் விதை உடைப்பாள் என்று கேட்டால் சொல்லியிருப்பாள். எந்தத் தெரு என்று தெரியாது.

போட்டோ காட்டினார்கள். அவள்தான். போன் வழியில் எங்கோ விழுந்து எவன் கையிலோ போயிருக்க வேண்டும், பையில் பிளாஸ்திரிக்கான சில்லறை மட்டும் இருந்ததாம். நாலு நாளாக ஆஸ்பத்திரிப் பிணவறையில் பெயரில்லாமல் கிடக்கிறாள். மெய்ரோங் அழவில்லை. ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் ஒரு பழைய நூற்பாலையின் பெயர், சிறந்த தொழிலாளி, பரிசு வாங்கிய வருஷம். அதை வைத்து இரண்டு நாளில் மகனைக் கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் பெயரும் தெரிந்தது: வெய் ஷூஃபென்.

மகன் குன்மிங்கிலிருந்து வந்தான். கத்துவான் என்று மெய்ரோங் எதிர்பார்த்தாள். கத்தியிருக்கலாம்.

"டீக்கடையில நிறைய சிநேகிதங்க இருக்காங்கன்னு அம்மா சொல்வாங்க. அதனாலதான் நான் நிம்மதியா இருந்தேன்," என்றான். "பாலத்துப் படியிலயே உக்காந்துட்டாங்களாம். தூங்கறாங்கன்னு எல்லாரும் தாண்டிப் போயிருக்காங்க. ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றார். நீங்க அப்ப எங்க இருந்தீங்க, அத்தை?"

"இடம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"எழுந்து நின்னா படி தெரியும்."

மெய்ரோங் ஜாடியை நீட்டினாள். "மேல பூசணம் கட்டாம இருக்க உப்பு போட்டு வெச்சிருக்கேன். கையை விடாதப்பா. ஈரமில்லாத குச்சியால எடு." வாங்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாராலும் நிம்மதியாக எழுந்திருக்க முடியவில்லை. கண்ணாடி அண்ணன் மூடியைக் கையில் எடுத்தாலே மெய்ரோங் ஆரம்பித்துவிடுவாள்.

"எங்க போறே? எவ்வளவு நேரமாகும்? உன் முழுப் பேரு என்ன? மகன் நம்பர் சொல்லு."

"ஒண்ணுக்குப் போறேன் தாயே! இதுக்கு முகவரி வேணுமா?"

ஒருநாள் கழிப்பறை வாசலில் அவள் நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. "செத்தவ போயிட்டா. எங்களையும் எதுக்கு இப்பவே பிணமாப் பாக்குறே?" என்றான். மறுநாள் குளத்துக்கு அந்தப் பக்க மேஜைக்கு மாறிவிட்டான். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களும் இரண்டாம் நாளே நகர்ந்தார்கள். டீ குடிக்க வந்த இடத்தில் சாவைப் பற்றிக் கேட்பவளோடு எவன் உட்காருவான்?

வசந்தம் வந்தபோது மேஜையில் அவள் மட்டும்தான். முதல் டீ வயிற்றை முட்டியது. எழுந்தாள். மூடியை நாற்காலி மேல் வைத்தாள். சுற்றிலும் நூறு பேர், நூறு வாய், ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. போகாமல் நின்றாள்.

நீள மூக்குக் கெண்டியோடு கோங் கடந்து போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, என் பேரு ஷூ மெய்ரோங். வீடு பின்னால மஞ்சக் கட்டடம், மூணாவது மாடி. கால் மணி நேரத்துல நான் வரலைன்னா கழிப்பறைப் பக்கம் வந்து பாரு."

"பெரியம்மா, என்கிட்ட முப்பது மேஜை இருக்கு," என்றான் கோங். கெண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "என்ன பேரு சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."